ஐந்து நட்சத்திரப் புகார்

பலகை எரியவில்லை.

முஸ்ரிஃபா அதைச் சாப்பாட்டு மேசையில் கிடத்தி, தலைத்துணியின் நுனியால் நான்கு முறை துடைத்துவிட்டாள். கறுப்பாகவே கிடந்தது. பக்கத்தில் இருந்த ஒரே பொத்தானை அழுத்தினாள். அப்போதும் கறுப்பு. அது வந்த பெட்டியின் மூடியில் அச்சடித்த படத்தில் இதே பலகையின் மேல் ஒரு நீல மயில் தோகை விரித்து நின்றது.

"மயில் எங்க?" என்றான் கர்னாவி. அவள் கணவன். குடுஸ் ஊருக்குள் சிற்றுந்து ஓட்டுகிறவன். எந்தச் சாமான் நின்றுபோனாலும் அதன் தலையில் ஒரு தட்டு தட்டுவதுதான் அவனுக்குத் தெரிந்த வைத்தியம்.

"தட்டாதீங்க. இது வண்டி இல்ல."

"பாட்டரி போட்டியா?"

"பாட்டரியே வேணாம்னு எழுதியிருந்துச்சு."

"பாட்டரி இல்லாம எரியுறதுக்கு இது என்ன நெலாவா?"

முஸ்ரிஃபா சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். மாதம் பிறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. கடைசித் தேதிக்குள் மூன்று பக்கம் சித்திரக்கதை வரைந்து ஸோலோ நகரத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

அங்கே கெந்தோங் ஸ்டுடியோ என்று ஒன்று. கைபேசியில் படிக்கிற சித்திரக்கதைகளைப் போடுகிறவர்கள். புதிதாக ஓர் ஆள் வேண்டும், வயது தடையில்லை, படிப்பு தடையில்லை என்று அறிவித்திருந்தார்கள். தடை ஒன்றே ஒன்றுதான். கணினியில் வரைந்ததாக இருக்க வேண்டும். காகிதத்தில் வரைந்து படம்பிடித்து அனுப்புகிறவர்கள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

முஸ்ரிஃபாவிடம் இருந்ததெல்லாம் காகிதம்தான்.

பத்தொன்பது வருடமாகக் கிராம்புச் சுருட்டு ஆலையில் சுருட்டுகிற வேலை. ஒருத்தி சுருட்டுவாள், பக்கத்தில் இன்னொருத்தி கத்தரிக்கோலோடு உட்கார்ந்து நுனி வெட்டுவாள். இருவரும் ஒரு ஜோடி. தப்பாகச் சுருட்டியதைக் கூடத்தை மேற்பார்க்கிற மண்டோர் தட்டில் போட்டுத் திருப்பி அனுப்பும்போது மேலே ஒரு பழுதுச் சீட்டு வைப்பார். கூடத்தில் பாதிப் பெண்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதால் அந்தச் சீட்டில் எழுத்து இருக்காது, படம்தான் இருக்கும். மண்டோருக்கு வரைய வராது. அவர் போட்ட சுருட்டு வெள்ளரிக்காய் மாதிரி இருந்தது. அதனால் அந்த வேலை முஸ்ரிஃபா தலையில் விழுந்தது. தளர்வாகச் சுருட்டினால் அவிழ்கிற சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆள். இறுக்கிச் சுருட்டினால் பெருநாள் விருந்து முடிந்து மூச்சுவிட முடியாமல் சாய்ந்திருக்கிற ஆள். தங்கள் தட்டுக்குச் சீட்டு வராதா என்று வேண்டுமென்றே இறுக்கிச் சுருட்டிய பெண்களும் உண்டு.

கணினியில் வரைவதற்கான இந்தப் பலகையை வாங்கிய கதையும் அந்தக் கூடத்தில் நடந்ததுதான். அவளுடைய ஜோடி ரஸ்மினி. கத்தரிக்கோலைவிட நாக்கு கூர்மை. இடைவேளையில் இருவரும் ஒரு கைபேசிக்குள் தலையை விட்டுக்கொண்டு இரண்டு வாரம் தேடினார்கள்.

"இது எட்டாயிரத்து நூத்தித் தொண்ணூத்திரண்டு அழுத்தம் தாங்குமாம்டி."

"எதுக்கு அவ்ளோ? யானைய மேல ஏத்தப் போறியா?"

"பேனாவ மெல்ல வச்சா மெல்லிசுக் கோடு, அழுத்துனா தடிச்ச கோடு. அதத்தான் அப்படிச் சொல்றாங்க."

"சரி, மேல தள்ளு. இது என்ன, திரையோட வர்றது?"

"அது நமக்கு ஆகாது. விலையப் பாரு."

ரஸ்மினி பார்த்தாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "மலிவா இருக்கிறதுல நல்லா எரியுறதா ஒண்ணு பாரு" என்றாள்.

அப்படிப் பார்த்ததுதான் மயில். பக்கத்து ஊரான பாத்தியில் 'ஜயா கம்பார்' என்று ஒரு கிடங்கு. கடை முகப்பு கிடையாது. எல்லாம் கைபேசி வழியாகத்தான். அவர்களுடைய சொந்த ஆளே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கொடுப்பார்.

இப்போது அந்த மயில்தான் எரியவில்லை.

மறுநாள் இடைவேளையில் ரஸ்மினி சொன்னாள். "புகார் குடுடி. 'பொருள் எப்படி'ன்னு கேக்குது பாரு. படம் சேக்கணுமாம்."

"எடுத்தேன். கறுப்பா இருக்கிறத படம் புடிச்சா கறுப்பாத்தான் விழுது. புளிக்கட்டின்னு நெனப்பாங்க."

"அப்ப வழக்கமா போடுற மாதிரி சீட்டு போடு."

சரக்கு பழுது என்றால் சீட்டு போட வேண்டும், சீட்டு என்றால் படம். முஸ்ரிஃபாவுக்கு அதில் ஒன்றும் விசித்திரமாகத் தெரியவில்லை. சுருட்டுத் தாள் கட்டி வரும் உறையைக் கிழித்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் பந்துமுனைப் பேனாவால் மூன்று கட்டம் போட்டாள். முதல் கட்டத்தில் அவளும் கர்னாவியும் பலகையை உற்றுப் பார்க்கிறார்கள். இரண்டாவதில் பக்கத்து வீட்டார், மண்டோர், ஒரு ஆடு எல்லோரும் உற்றுப் பார்க்கிறார்கள். மூன்றாவதில் ஆடு மட்டும் நிற்கிறது. பலகையின் பளபளப்பில் தன் முகத்தைக் கண்டு தாடியைச் சரிசெய்துகொள்கிறது.

அதைப் படம்பிடித்துச் சேர்த்தாள். கீழே நட்சத்திரம் கேட்டது. ஐந்தையும் அழுத்தினாள்.

வீட்டில் அதைப் பார்த்த கர்னாவிக்கு வந்ததே கோபம். "திட்டுறதுக்கு அஞ்சு நட்சத்திரமா?"

"பின்ன? மூஞ்சில அடிச்ச மாதிரி ஒண்ணு குடுக்கச் சொல்றீங்களா? அவங்க வீட்டுலயும் புள்ளகுட்டி இருக்கும்."

"ஒண்ணு குடுத்தாத்தான் பயப்படுவான்."

"எனக்கு பலகை எரிஞ்சா போதும். யாரும் பயப்பட வேணாம்."

சாயங்காலமே பதில் வந்தது. "அக்கா, சிரிச்சு வயிறு வலிக்குது. அந்தப் பலகை எரியாது அக்கா. அது எரியாத வகை. கம்பிய கணினியில சொருகிட்டு பலகையில கோடு போடுங்க. கோடு கணினித் திரையில வரும். மயில் சும்மா அழகுக்குப் போட்டது."

முஸ்ரிஃபாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. செமாராங்கில் தாதிப் படிப்பு படிக்கும் மகள் விட்டுப்போன பழைய மடிக்கணினியை எடுத்துத் தூசி தட்டிச் சொருகினாள். பலகையில் ஒரு கோடு இழுத்தாள். திரையில் கோடு ஓடியது.

கை ஓரிடத்திலும் கண் ஓரிடத்திலும் இருக்க வேண்டும், பழக ஆறு மாதம் ஆகும் என்று இணையத்தில் எல்லோரும் எழுதியிருந்தார்கள். அவளுக்கு ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. பத்தொன்பது வருடமாகக் கையைப் பார்க்காமல் மண்டோர் முகத்தைப் பார்த்தே சுருட்டியவள். கை தன் பாட்டுக்கு ஓடியது.

ஒரே ஒரு குறை. பலகை உள்ளங்கை அகலம்தான். அவள் கை வீசி வரைகிறவள். ஆட்டின் தலை பலகையில் விழுந்தது, வால் மேசை விரிப்பில் விழுந்தது.

"பெருசா மாத்திக் குடுப்பாங்களா கேளு" என்றான் கர்னாவி.

கேட்டாள். தாராளமாக மாற்றித் தருகிறோம் என்றார்கள். ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த பலகையைத் துடைத்து, பெட்டியில் வைத்து, கிடங்கின் ஆளிடம் தன் கையாலேயே கொடுத்து அனுப்பினாள்.

அந்த ஆள் பெயர் சுப்கான். ஐம்பது வயதுக்காரர். மோட்டார் சைக்கிளில் இருபக்கமும் இரண்டு மூட்டை தொங்கும். நடுவில் மூன்றாவது மூட்டை போல அவர் வயிறு இருக்கும். பெரிய பலகையைக் கொண்டுவந்தவர் கையெழுத்து வாங்கிய பின்னும் வாசலிலேயே நின்றார்.

"பிரிச்சுப் பாருங்கக்கா. நானும் பாத்துட்டுப் போறேன்."

பிரித்தாள். பலகை இருந்தது. கம்பி இருந்தது. பேனா இல்லை.

"அடடா" என்றார் சுப்கான். "இப்ப என்னக்கா பண்ணுவீங்க?"

"என்ன பண்றது. சீட்டு போட வேண்டியதுதான்."

"போடுங்க, போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சீட்டில் கர்னாவி பேனாவுக்குப் பதிலாக ஒவ்வொன்றாக வைத்துப் பலகையில் தேய்க்கிறான். பல்குச்சி, மிளகாய், ஒரு கிராம்பு, கடைசியில் தன் மூக்கு. மூக்கு மட்டும் லேசாகக் கோடு போடுகிறது. ஐந்து நட்சத்திரம்.

"என்னய ஏன்டி இழுத்த?"

"வீட்டுல வேற ஆம்பள இல்லையே."

நான்கு நாள் கழித்துப் பேனா வந்தது. அழகான பேனா. ஆனால் வேறு பலகைக்கு உரியது. இந்தப் பலகை அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மூன்றாவது சீட்டில் பலகைக்கும் பேனாவுக்கும் கல்யாணம். பதிவுக்காரர் தொப்பியோடு உட்கார்ந்து "சம்மதமா?" என்கிறார். பேனா வெட்கப்பட்டுச் சம்மதம் என்கிறது. பலகை முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பந்தலில் யாரோ "அப்ப சோறு உண்டா இல்லையா?" என்று கேட்கிறார்கள். அதற்கும் ஐந்து.

மறுநாள் கூடத்தில் ரஸ்மினி கைபேசியை உற்றுப் பார்த்தாள். "உன் சீட்டுக்குக் கீழ ஒரு நம்பர் ஓடுது பாரு. பயனுள்ளது, ஆறாயிரத்து சொச்சம்."

"அப்படின்னா?"

"தெரியல. உன்ன மாதிரியே ஆறாயிரம் பேரு மாட்டியிருக்காங்கன்னு அர்த்தமா இருக்கும்."

"ஐயோ பாவம்" என்றாள் முஸ்ரிஃபா. மனசுக்குள் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

ஆனால் நாள் நிற்கவில்லை. இருபத்துமூன்றாம் தேதி சரியான பேனா வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று புதுக் கம்பியும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள், பழையதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி. முஸ்ரிஃபா கொடுத்தாள். சுப்கான் அதை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். உள்ளே வந்து சொருகிப் பார்த்தால் புதுக் கம்பியின் முனை பலகைக்குள் போகவில்லை.

அவள் வாசலுக்கு ஓடினாள். வண்டி தெருமுனை தாண்டிவிட்டது.

நான்காவது சீட்டில் அந்தக் கம்பி ஒரு நாய்க்குட்டி போல வீடெல்லாம் மோப்பம் பிடித்துக்கொண்டு போய் ஒவ்வொரு ஓட்டையாக நுழைந்து பார்க்கிறது. மின்விசிறி, சோற்றுப் பானை, கர்னாவியின் காது. வாசலில் சுப்கான் மூன்று மூட்டைகளோடு நின்று வியர்வை துடைக்கிறார். மூன்றில் எது வயிறு என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தாள்.

"இன்னும் ஏழே நாள்" என்றாள் ரஸ்மினி. "நீ சிரிக்க வச்சிட்டே இரு. அவன் உன்ன அழ வச்சிட்டே இருப்பான். ஒரு தடவையாச்சும் ஒத்த நட்சத்திரம் குடுத்துப் பாரேன்."

"மனசு வரலடி. ஒவ்வொரு தடவையும் 'மன்னிச்சிருங்க அக்கா'ன்னு எழுதுறாங்க."

கர்னாவிக்கு மன்னிக்கிற மனசு இல்லை. இருபத்தாறாம் தேதி மத்தியானம், அவள் ஆலையிலிருந்து வருவதற்கு முன்பு, சவரக் கத்தியை எடுத்து உட்கார்ந்துவிட்டான். கம்பியின் முனை கொஞ்சம் பெரிது, அவ்வளவுதானே. நான்கு பக்கமும் சீவினான். ஊதினான். பலகையின் ஓட்டையில் வைத்து அழுத்தினான். போனது. போனதோடு ஓட்டைக்குள் இருந்த ஏதோ ஒன்று "டக்" என்றது.

முஸ்ரிஃபா வந்து பார்த்தபோது கர்னாவி பலகைக்கு முன் கை கட்டி உட்கார்ந்திருந்தான்.

"போச்சா?"

"போச்சு."

"முழுசாவா?"

"தட்டிக்கூடப் பாத்துட்டேன்."

அவள் கத்தவில்லை. போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் எருமை இறைச்சிச் சாற்றை ஊற்றிச் சாப்பிட்டார்கள். பாதியில் அவன் சொன்னான். "மூணு பக்கம்தானே. மகளோட கணினியில அந்த எலி மாதிரி இருக்குமே, அத வச்சு வரைய முடியாதா?"

"சோப்புக் கட்டிய வச்சு சீட்டு எழுதுற மாதிரி இருக்கும்."

"தப்பு என் மேலதான்."

"தெரியும். சாப்பிடுங்க."

அவன் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகைக்குப் பதில் வேறு ஏதோ வந்தது. கை கழுவிவிட்டுத் தாள் உறை ஒன்றைக் கிழித்தாள். ஐந்தாவது சீட்டில் கம்பிக்குச் சுன்னத்துச் சடங்கு. கர்னாவி கத்தியோடு நிற்கிறான். அடுத்த கட்டத்தில் கம்பி புதுச் சாரம் கட்டிக்கொண்டு, துணி மேலே படாமல் முன்னால் தூக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் ஜெனாங் மிட்டாய் கொண்டுவந்து அடுக்குகிறார்கள். பலகை ஒரு மூலையில் மயங்கிக் கிடக்கிறது. அதை யாரும் கவனிக்கவில்லை.

கீழே முதல்முறையாக எழுத்திலும் எழுதினாள். "இது எங்கள் தப்பு. மாற்றித் தர வேண்டாம். இதுவரை பொறுமையாகப் பதில் சொன்னதற்கு நன்றி." ஐந்து நட்சத்திரம். பிறகு கைபேசியை அணைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

கடைசித் தேதி அன்று கிராம்பு வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து வழக்கம்போல் சுருட்டினாள். கை ஓடியது, மனசு ஓடவில்லை. ரஸ்மினி வாயைத் திறக்கவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

இடைவேளை மணி அடித்ததும் மண்டோர் வேகமாக வந்தார். கையில் அவருடைய கைபேசி. "முஸ்ரிஃபா, உன் போனு அணைஞ்சு கெடக்காமே. உன் புருஷன் என் நம்பரக் குடுத்திருக்கான். ஸோலோவுல இருந்து யாரோ பொம்பள."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"முஸ்ரிஃபா அக்காவா? நான் விடுரி. கெந்தோங் ஸ்டுடியோ நடத்துறேன். உங்க பேரக் கடையில கேட்டு, வீட்டு நம்பர் வாங்கி, ரெண்டு நாளா அலையுறோம்."

"நான் அனுப்பலைங்களே. அனுப்ப முடியாமப் போச்சு."

"தெரியும். நாங்க தேடுனது அதுக்கு இல்ல. எங்க புது ஆளுங்களுக்கு மலிவா நாலு பலகை வாங்கலாம்னு உக்காந்து வாங்குனவங்க சொன்னதப் படிச்சோம். பலகை வாங்குற வேல அதோட நின்னு போச்சு. இங்க இருக்கிற பத்து பேரும் அன்னிக்கு முழுக்க அந்தத் தாடிக்கார ஆட்டத்தான் பாத்துட்டு இருந்தாங்க."

முஸ்ரிஃபாவுக்குப் புரியவில்லை. "அந்த ஆறாயிரம் பேரு..."

"ஆறாயிரமா? இப்ப எழுபதாயிரம். மலிவு பலகை தேடி யாரு வர்றா சொல்லுங்க? வரையுறவங்கதான். இந்த நாட்டுல வரையுற புள்ளைங்க பாதி பேரு உங்க அஞ்சு சீட்டையும் பாத்தாச்சு. எல்லாருக்கும் ஒரே கேள்விதான், ஆறாவது எப்போன்னு."

"ஆனா அது காகிதத்துல வரைஞ்சதுங்க. நீங்க தடிச்ச எழுத்துல..."

"அந்த விதிய எழுதுனதே நான்தான். நேத்து நானே கிழிச்சேன். வாரத்துக்கு ஒண்ணு குடுங்கக்கா. சுருட்டுத் தாள் உறையில வரைஞ்சு குடுத்தாலும் சரி. நிறம் போட இங்க ஆளுங்க இருக்காங்க."

முஸ்ரிஃபா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உறையில எதுக்குங்க? பலகையிலயே வரைவேன். கையப் பாக்காமலே வரைவேன். நல்லதா ஒண்ணு மட்டும் கெடைக்கணும்."

ரஸ்மினி இதற்கு மேல் பொறுக்கவில்லை. கத்தரிக்கோலால் மேசையைத் தட்டினாள். "நம்ம சீட்டுக்காரிக்கு வேல கெடச்சிருச்சு." பக்கத்து மேசை சுருட்டு உருட்டுகிற கட்டையால் தட்டியது. அதற்குப் பக்கத்து மேசையும் தட்டியது. கொஞ்ச நேரத்தில் அறுநூறு பெண்களும் கட்டையால் தட்டினார்கள். கூரைத் தகரம் அதிர்ந்தது. மண்டோர் நிறுத்தச் சொல்வார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் தன் கைபேசியைத் திரும்ப வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி, "அதுல மண்டோர்னு ஒரு ஆள் வர்றானே, அது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

மத்தியானம் வீட்டு வாசலில் சுப்கானின் வண்டி நின்றது. கர்னாவி அவருக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"எங்க முதலாளி குடுத்தனுப்பினாருக்கா. காசு வேணாம். உங்க சீட்டப் பாத்துட்டு வந்தவங்களால கிடங்கு காலியாயிருச்சாம்."

முஸ்ரிஃபா பெட்டியைப் பிரித்தாள். பெரிய பலகை இருந்தது. பேனா இருந்தது. கம்பி இருந்தது. சொருகினாள். பொருந்தியது. திரையைப் பார்த்துக்கொண்டே ஒரே இழுப்பில், தலையிலிருந்து வால் வரைக்கும், ஒரு மயிலைப் போட்டாள். கர்னாவி தட்டுவதற்காகத் தூக்கிய கையை மெல்லக் கீழே போட்டான்.

"பாத்தீங்களா" என்றாள் கணவனிடம். "நாம மரியாதையா சொன்னோம். அவங்களும் சரியா அனுப்பக் கத்துக்கிட்டாங்க. ஒத்த நட்சத்திரம் குடுத்திருந்தா இது நடக்குமா?"

"நடக்காது" என்று கர்னாவி ஒப்புக்கொண்டான்.

சுப்கான் தேநீரைக் குடித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஏண்ணே ஒரு மாதிரி இருக்கீங்க? உங்க வயித்துக்கு அம்பு போட்டேன்னு வருத்தமா?"

"ச்சே ச்சே, அத என் பொண்டாட்டி சட்டம் போட்டு மாட்டியிருக்கா" என்றவர், கோப்பையை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துச் சொன்னார். "முதல் பெட்டியிலிருந்தே கிடங்குல எல்லாம் சரியாத்தாங்கக்கா இருந்துச்சு, அடுத்த சீட்டு வேணும்னு பேனாவ எடுத்து வச்சதும் மாத்தி வச்சதும் பேக்கிங் பொண்ணுங்க, நானும் படத்துல வரணும்னு கம்பிய மாத்துனது மட்டும் நான்."